ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள்

மார்ச் 4

தம்பிக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்ததற்கு வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. நீ சிரித்தாய், நான் வைத்தேன். போனில் உன்னிடம் எதையும் கேட்டு வாங்க முடியாது என்று உன் அண்ணன் சொல்வது சரிதான். நாலு ஜோக் சொல்லி, "சரி அண்ணி, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய். தாளில் சிரிப்புச் சத்தம் கேட்காது, அதனால் எழுதுகிறேன். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் இரண்டு பக்கமும் நாலு பேர் படிப்பார்கள்.

நேற்று நீ பாதியைத்தான் கேட்டாய். முழுவதையும் சொல்கிறேன். எங்கள் மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிச் சில்லில் ஒட்டிய திசுவை ஒரு ஸ்கேனர் படம் எடுக்கும். மருத்துவர்கள் அதைத் திரையில் பார்த்து நோய் என்னவென்று சொல்வார்கள். அன்றன்று எடுத்த படங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்புறையில் விழும். இரவில் நான் வைத்திருக்கும் ஏற்பாடு அவற்றுக்கு நகல் எடுக்கும். பகலில் நகல் கிடையாது. இதுபோக ஊழியர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு தற்காலிகக் கோப்புறை உண்டு. அவை நிரம்பி இயந்திரங்கள் முக்கத் தொடங்கியதும், வீட்டுக்குக் கிளம்பும்முன் அவரவர் கோப்புறையை அவரவர் காலி செய்ய வேண்டும் என்று தலைமை மருத்துவர் உத்தரவு போட்டார். அதைக் கடைப்பிடித்த ஒரே ஆள் கறார்.

கறார் எங்கள் மூத்த டெக்னீஷியன். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளுடைய டீக் கோப்பையை வேறு யாராவது எடுத்துவிட்டால் கழுவி, வெந்நீர் ஊற்றி, மறுபடி கழுவுவாள். அதுவும் எடுத்தவர் பார்க்கும்படி. எனக்கு அவளைப் பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தோழிக்காகப் பரிந்துகொண்டு வருகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது.

சென்ற வாரம் ஒரு மாலை, ஸ்கேனர் நிரல் திரை முழுக்க விரிந்திருந்தது. அட்மின் அதிகாரத்தோடு திறந்தால்தான் அது ஓடும், செய்தவர்கள் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாகக் கறார் அதை மூடிவிட்டு, வெளியே திரையில் கோப்புகளைக் காட்டும் கோப்புப் பெட்டியைத் திறந்து தன் கோப்புறையைக் காலி செய்வாள். அன்று கடைசி ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்ததால் மூடவில்லை. நிரலுக்குள்ளேயே 'திற' என்பதை அழுத்தினாள். அதே மாதிரி கோப்புப் பெட்டி வந்தது. அதே மஞ்சள் கோப்புறைப் படங்கள், அதே வரிசை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். மேசையைத் துடைத்தாள். வீட்டுக்குப் போனாள்.

அழிந்தது பொதுக் கோப்புறை. நிரல் திறக்கும் பெட்டி நேராக அங்கேதான் போகும், நிரலின் அட்மின் அதிகாரமும் அதற்கு உண்டு. வெளியே உள்ள பெட்டியில் அதைத் தொட்டிருந்தால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று தடுத்திருக்கும். அட்மின் பெட்டியைத் தடுக்க ஆள் இல்லை. எல்லா அறைச் சாவியும் அதன் கையில். நான் மீட்கப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த கடைசி ஸ்கேன் பழைய படங்களின் இடத்தின்மேலேயே எழுதிவிட்டிருந்தது.

சில்லுகள் இருந்ததால் மறுபடி படம் எடுத்தோம், ஒன்றைத் தவிர. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவருடைய நுரையீரல் திசு. கடுகளவுதான் கிடைத்திருந்தது. படம் எடுத்ததும் அதே சில்லைக் கழுவி வேறொரு சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது படம்தான், அதுவும் போனது. திசு எடுக்க அவர் மறுபடி ஊசிக்கு வர வேண்டும்.

விசாரணைக் குழு போட்டாயிற்று. தலைவர் அதே தலைமை மருத்துவர். 'கவனக்குறைவு' என்ற ஒற்றை வார்த்தையை எழுதி அவளை வேலையை விட்டு எடுத்துவிடும் எண்ணத்தில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாளி என்பதால் நான் அறிக்கை தர வேண்டும்.

எங்கள் இயந்திரங்களில் ஓடுவது உங்கள் நிறுவனத்தின் டெஸ்க்டாப், அதாவது திரையில் இந்தப் பெட்டிகளையெல்லாம் காட்டும் மென்பொருள். முந்தைய பதிப்பில், அட்மின் அதிகாரத்தோடு திறந்த பெட்டி எதுவானாலும் சுற்றிலும் தடித்த சிவப்பு ஓரம் இருந்தது. புதிய பதிப்பில் இல்லை. திரைத் தோற்றக் குழுவுக்கு நீதான் தலைவன். அந்த ஓரத்தை எடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கவரைப் பார்த்ததும் உங்கள் தங்கச்சி முறைக்காரி, அதாவது என் மனைவி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டாள். இந்தக் காலத்தில் தபாலில் வருவது வக்கீல் நோட்டீஸ் மட்டும்தானே. படித்து முடித்ததும் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை. சிவப்பு ஓரம் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஓரத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? மானிட்டர் கெட்டுப்போய்விட்டது என்று ஒருவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வைரஸ் வந்துவிட்டது என்று ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லா இயந்திரத்தின் பிளக்கையும் பிடுங்கிவிட்டார்கள். மிச்சப் பேருக்கு அது பழகிவிட்டது. பழகியது கண்ணில் படாது. நீங்கள் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது?

அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் போட்ட சட்டைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மாதிரி ஆட்களுக்குச் சிவப்பு ஓரம் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. அதனால்தான் ஓரத்தை எடுத்துவிட்டு, பெட்டியின் தலைப்புப் பட்டையில் ஒரு சின்னக் கேடயப் படம் வைத்தோம். நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும். இதையும் நன்றாக யோசித்துத்தான் செய்தோம், அண்ணி. நாங்கள் ஒன்றும் சுவருக்கு வெள்ளை அடிக்கிற கூட்டம் இல்லை.

இப்போது நான் "ஓரத்தை எடுத்தோம்" என்று எழுதிக் கொடுத்தால், படிக்கிறவர் என்ன நினைப்பார்? எடுத்ததால்தான் அழிந்தது என்று நினைப்பார். அது உண்மையா? ஓரம் இருந்திருந்தால் உங்கள் கறார் கவனித்திருப்பாளா? பல்கலைக்கழகத்தில் நீங்கள் படித்த படிப்பு என்ன சொல்கிறது? சோதித்துப் பார்க்காமல் நீங்கள் எதையும் நம்ப மாட்டீர்களே. உங்கள் மாமியார் பாலில் தண்ணீர் இல்லை என்று சொன்னால்கூட நம்பாத ஆள் நீங்கள்.

என் நிலைமையையும் யோசியுங்கள். வெளியாட்களுக்கு எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே கட்டளை. மருத்துவமனை என்றால் இன்னும் மோசம், வக்கீல்கள் ஓடி வருவார்கள். அந்த அம்மாவுக்காக வருத்தப்படுகிறேன். அந்தப் பேருந்து ஓட்டுநருக்காக அதைவிட அதிகமாக. ஆனால் இதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

கோபம் வேண்டாம்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 19

தம்பிக்கு,

கோபம் இருந்தது. உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது குறைந்தது, ஏனென்றால் ஜோக்குகளுக்கு நடுவில் நீ ஒரு நியாயமான கேள்வி கேட்டிருந்தாய். சோதித்துப் பார்த்தேன்.

பழைய பதிப்பு ஓடும் இயந்திரம் ஒன்று எங்கள் கிடங்கறையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து ஸ்கேனர் நிரலை ஏற்றி, கூடத்தில் எல்லோரும் பயன்படுத்தும்படி விட்டேன். சுற்றிலும் சிவப்பு ஓரம், விரல் பருமனுக்கு. நாலு நாள் கழித்து, அதில் தினமும் உட்காரும் மருத்துவரிடம் கேட்டேன்.

"டாக்டர், அந்தப் பெட்டிக்கு ஓரம் என்ன கலர்?"

"எந்தப் பெட்டிக்கு?"

"நீங்க காலையிலேருந்து பாத்துட்டிருக்கீங்களே, அதுக்கு."

"ஓரம் இருக்கா என்ன?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். "அட, இது எப்ப வந்துச்சு?"

உன் அண்ணனையும் ஒருநாள் அழைத்துப் போய் உட்கார வைத்தேன். "ஓரம் தெரியுது. ஏதோ அலங்காரம்னு நெனச்சேன். நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஆக, நீ சொன்னது சரி. நாள் முழுக்கத் திறந்திருக்கும் பெட்டிக்கு நாள் முழுக்கச் சிவப்பு அடித்தால் அது சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. ஓரம் கறாரைக் காப்பாற்றியிருக்கும் என்று என்னால் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். முதல் கடிதத்தில் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அதற்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதே.

உன் கேடயப் படத்தையும் சோதித்தேன். அது தலைப்புப் பட்டையில் இருக்கிறது. ஸ்கேனர் நிரல் திரை முழுக்க விரியும்போது தலைப்புப் பட்டையே மறைந்துவிடுகிறது. கேடயமும் அதோடு போய்விடுகிறது. நிரலுக்குள்ளிருந்து திறக்கும் கோப்புப் பெட்டியில் கேடயம் கிடையவே கிடையாது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் படமெடுத்து, அச்சடித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அச்சு அசலாக ஒரே மாதிரி. ஒன்று என் மேசை இழுப்பறையை மட்டும் திறக்கும், மற்றொன்று கட்டடத்தையே காலி செய்யும். இரண்டுக்கும் ஒரே முகம்.

எது பழகாது என்றும் பார்த்தேன். நிறம் பழகும், படம் பழகும். தன்னுடையது அல்லாத ஒன்றைத் தொடப்போகும் அந்தக் கணத்தில் மட்டும் வருவது பழகாது, ஏனென்றால் அது தினம் வராது. 'இது அட்மின்' என்று சொல்வதில் எங்கள் ஆட்களுக்குப் பயனில்லை. அட்மின் என்றால் என்ன என்று கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 'இது உன்னுடையது இல்லை, இன்னாருடையது' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

அது உன் வேலை. என் அறிக்கைக்கு இப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும். அதையும் நானே எழுதித் தருகிறேன்: 'இந்தப் பதிப்பில், அட்மின் அதிகாரத்தோடு திறந்த கோப்புப் பெட்டியையும் சாதாரணக் கோப்புப் பெட்டியையும் பார்வையால் வேறுபடுத்த முடியாது.'

இதில் பழி இல்லை, காரணம் இல்லை. கண் உள்ள எவரும் பார்க்கக்கூடிய உண்மை. இதற்குக் கையெழுத்துப் போட வக்கீல் எதற்கு?

இன்னொன்று. கறார் அந்தப் பேருந்து ஓட்டுநரைத் தானே போய்ப் பார்த்தாளாம். யாரும் அனுப்பவில்லை. "நான்தான் உங்க படத்த அழிச்சிட்டேன்" என்று சொன்னாளாம். அவர் "அப்ப மறுபடி ஊசியா?" என்று மட்டும் கேட்டாராம். இதை எனக்குச் சொன்னது வார்டு நர்ஸ். கறார் சொல்லவில்லை.

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதிய வாக்கியத்தை எங்கள் மேலாளரிடம் காட்டினேன். அவர் அதை மூன்று முறை படித்தார். "இதுல தப்பு ஒண்ணும் இல்லியே" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு, "அதனாலதான் இத அனுப்பக் கூடாது" என்றார்.

தப்பாக இருந்தால் மறுக்கலாமாம். சரியாக இருப்பதை மறுக்க முடியாதாம். எங்கள் டெஸ்க்டாப்பை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆபீஸிலும் எவனாவது எதையாவது அழித்துவிட்டு இந்தத் தாளை நீட்டுவானாம். அவர் சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை, அண்ணி. பார்த்தீர்களா, நான் எப்படிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதியைக் குழுவில் படித்துக் காட்டினேன், பெயரில்லாமல். 'இரண்டுக்கும் ஒரே முகம்' என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், நாங்கள் 'வாயாடி' என்று கூப்பிடுவோம், கூப்பிட்டால் சந்தோஷப்படுவாள். அவள் எழுந்து, "இதத்தான் நான் போன வருஷமே சொன்னேன். ஒருத்தரும் காது குடுக்கல" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு மாதிரி வரைந்துவிட்டாள். அட்மின் பெட்டி மற்றவர்களுடைய கோப்பைத் தொடும்போது மட்டும் திரை மங்கும், யாருடைய கோப்பு என்று பெயரோடு சொல்லும். நன்றாக இருக்கிறது. நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன். இதை அடுத்த பதிப்பில் சேர்க்க நான் எப்படியாவது சண்டை போட்டு வாங்கிவிடுகிறேன். உலகம் முழுக்க எத்தனையோ கறார்களுக்கு அது உதவும். அதற்குப் பதிலாக, உங்கள் அறிக்கையில் டெஸ்க்டாப் பேச்சை எடுக்காமல் விட்டுவிடுங்கள். அந்த ஒரு அம்மாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைக்காதா? மூத்த டெக்னீஷியன் என்றால் கொத்திக்கொண்டு போவார்களே. நான் இந்த இடத்துக்கு வர எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். வேலை தேடி அலைந்த நாளில் உங்கள் வீட்டு ஹாலில்தானே படுத்துக் கிடந்தேன். இந்த நாற்காலியில் நான் இருந்தால்தான் இந்த மாதிரி நல்லதைச் செய்ய முடியும். எழுந்துவிட்டால் யார் செய்வார்கள்?

அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசினேன். "அவகிட்டயே பேசிக்க" என்று சொல்லிவிட்டார். எப்போதும் போல.

உங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 6

தம்பிக்கு,

முடியாது.

'கவனக்குறைவு' என்று பதிந்து வெளியே அனுப்பப்பட்டவளை எந்தப் பரிசோதனைக் கூடமும் கொத்திக்கொண்டு போகாது. அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். யார் யாருக்கோ வரப்போகும் நன்மையைக் காட்டி எதிரில் நிற்கும் ஓர் ஆளை விட்டுவிடச் சொல்கிறாய். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வாயாடி வரைந்தது நல்லதாக இருந்தால், அது நல்லது என்பதற்காகவே பதிப்பில் வர வேண்டும். என் மௌனத்துக்கு விலையாக வரக் கூடாது.

விசாரணை நேற்று நடந்தது. சொல்கிறேன், நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

சுவர்த்திரையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். "இதுல எது நம்ம கூடத்தையே காலி பண்ணும்?" என்று கேட்டேன்.

"என்னம்மா இது, ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கற புதிரா?" என்றார் தலைமை மருத்துவர்.

"ஒரு வித்தியாசம் கண்டுபிடிங்க சார், போதும்."

கணக்கு அதிகாரி வலதுபக்கம் என்றார். நர்ஸ்களின் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெரியவில்லை என்றார். தலைமை மருத்துவர் இடதுபக்கத்தைக் காட்டினார். அதுதான் சரி. நான் ஆமென்று சொல்ல வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா? கவனமாப் பாத்தா தெரியுது" என்றார்.

"எதை வெச்சு சார் சொன்னீங்க?"

"ஒரு அனுபவம்தான்."

கணக்கு அதிகாரி சிரிப்பை அடக்க ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் என் வாதம் அங்கேயே படுத்துவிட்டது. அது போதாதென்று கறார் எழுந்தாள்.

"நான்தான் அழிச்சேன். யாரும் எனக்காகப் பெட்டி மேல பழி போட வேண்டாம். சால்ஜாப்பு சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

"அவங்களே ஒத்துக்கறாங்க. அப்புறம் என்ன?" என்றார் தலைமை மருத்துவர்.

"அழிச்சது யாருன்னு நான் கேக்கவேயில்ல சார். தன்னோடதுன்னு நெனச்சு அழிச்சாங்களே, அது தன்னோடது இல்லன்னு தெரிய எங்க வழி இருந்துச்சுன்னுதான் கேக்கறேன். காலி பண்ணுங்கன்னு உத்தரவு போட்டது நாம. அத மதிச்சு நடந்தவங்க அவங்க ஒருத்தங்கதான்."

'நாம' என்று சொன்னது மரியாதைக்காக. அவருக்குப் புரிந்தது. முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"இதெல்லாம் உங்க அபிப்பிராயம். பெட்டியச் செஞ்சவங்க சொன்னாத்தான் எடுத்துக்க முடியும். உங்க கொழுந்தனார் அங்கதான் இருக்காராமே? அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்களேன் பாப்போம்."

கிண்டலுக்குச் சொன்னார். கண்காணிப்பாளர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, அது வரட்டும். வந்தப்புறம் முடிவு பண்ணலாம். மாசக் கடைசி வரைக்கும் நேரம் குடுக்கறோம்னு பதிஞ்சுக்குங்க" என்றார். பதிந்துகொண்டார்கள்.

தாழ்வாரத்தில் கறார் என்னை வழிமறித்தாள். "எனக்காகப் பேசச் சொல்லி உங்கள யாரு கேட்டா?"

"உங்களுக்காகப் பேசல. இருந்ததச் சொன்னேன்."

"உங்களுக்கு என்னப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"ஆமா," என்றேன்.

அவள் "சரி" என்று போய்விட்டாள். எங்களுக்குள் இதுவரை நடந்ததில் மரியாதையான உரையாடல் இதுதான்.

இப்போது உன் கையில் இருக்கிறது. நீ எழுதாவிட்டாலும் நான் என் அறிக்கையில் எழுதுவேன், அவர்கள் அதை ஓரமாக வைப்பார்கள், அவள் போவாள். நாற்காலியில் இருந்தால்தான் நல்லது செய்ய முடியும் என்றாய். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண் முன்னால் இருப்பதை இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்றால், அதில் உட்கார்ந்து வேறு என்ன செய்யப் போகிறாய்?

எங்கள் ஹாலில் படுத்திருந்ததை நினைவூட்டினாய். நான் அதை ஒருநாளும் கணக்கில் வைத்ததில்லை. நீயும் இந்த விஷயத்தில் அதை இழுக்காதே.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

கூடவே இருக்கும் தாளைப் பாருங்கள். நீங்கள் கேட்ட வாக்கியம். ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. கீழே என் கையெழுத்து, பதவி. அந்தப் பதவி கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு இருந்தது.

திருட்டுத்தனமாக அனுப்ப மனசு வரவில்லை. மேலாளர் மேசையில் ஒரு பிரதியை வைத்துவிட்டு, "இன்னிக்குத் தபால்ல சேர்க்கப் போறேன்" என்று சொன்னேன்.

"சேர்த்தா இந்த டீம் உனக்கு இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்றியா? யாரு அவங்க உனக்கு?"

எனக்கு அந்த அம்மாவின் பெயர்கூடத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. 'கறார்' என்று சொன்னால் சரியாக இருக்காது. "யாரும் இல்ல" என்றேன்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. பிரிண்டர் அமைக்கும் பெட்டியைக் கவனிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உலகத்திலேயே அதிகம் திட்டு வாங்கும் பெட்டி அதுதான், அண்ணி. நீங்கள்கூடத் திட்டியிருப்பீர்கள். இனி அந்தத் திட்டெல்லாம் நேராக எனக்கு. இரண்டு பேருக்கு நடுவில், ஜன்னல் இல்லாத இடம். வீட்டில் முதல் நாள் அழுகை, இரண்டாம் நாள் கோபம், மூன்றாம் நாள், "சரி, இனிமேலாவது ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவீங்கல்ல" என்று கேட்டாள். வருகிறேன்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. நான் போன பிறகு வாயாடி தன் மாதிரியைத் தூக்கிக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாளாம். தாள் ஏற்கெனவே வெளியே போய்விட்டது, இனி மறைத்து என்ன லாபம், இதைச் செய்துவிட்டோம் என்று சொல்வதுதான் மரியாதை என்று அவரிடமே வாதாடியிருக்கிறாள். ஒத்துக்கொண்டுவிட்டார். சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்க்க இடம் தேடுகிறார்கள். உங்கள் மருத்துவமனைக்கு முறைப்படி கடிதம் வரும். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். குறை இருந்தால் அவளுக்கு எழுதுங்கள், எனக்கு வேண்டாம். எனக்கு இப்போது பிரிண்டர்.

கொழுந்தன்


மே 17

தம்பிக்கு,

தாள் வந்த மறுநாளே குழுவிடம் கொடுத்தேன். தலைமை மருத்துவர் இரண்டு முறை படித்துவிட்டு, உன் கையெழுத்து நிஜமா என்று போன் செய்து விசாரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தமாகப் பேசிக்கொண்டார்கள், பெரும்பாலும் கண்காணிப்பாளரின் குரல்.

கறாருக்கு ஒரு கண்டிப்புக் குறிப்பு, அவ்வளவுதான். வேலை இருக்கிறது. 'கவனக்குறைவு' என்ற வார்த்தை எங்கும் இல்லை. கோப்புறையைக் காலி செய்யும் உத்தரவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அந்த வேலையை இயந்திரமே செய்யும்படி நான் ஏற்பாடு செய்துவிட்டேன். பகலிலும் இப்போது நகல் எடுக்கிறோம். பேருந்து ஓட்டுநருக்கு இரண்டாம் முறை எடுத்த திசுவின் முடிவு வந்துவிட்டது. நோய் இருக்கிறது, ஆனால் தாமதத்தால் எதுவும் கைமீறிவிடவில்லை, மருந்தில் கட்டுப்படும் என்கிறார்கள். அவருக்கு இரண்டாவது ஊசி தேவைப்பட்டிருக்கக் கூடாது. அதை எந்தத் தாளாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

உனக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியாக வராது. உன் அண்ணன் நீ செய்ததைக் கேட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார். நீலம் என்று நினைத்து ஊதாவை வாங்கியிருக்கிறார். அவர் வாயைத் திறந்து பாராட்ட மாட்டார். அந்தச் சட்டை உனக்கு அனுப்பத்தான்.

சோதனைப் பதிப்பு வந்தது. நேற்று ஏற்றினேன். வாயாடிக்கு ஒரு பக்கத்துக்குக் குறைகள் எழுதி அனுப்பிவிட்டேன். எழுத்து சிறிதாக இருக்கிறது, 'சரி' என்ற பொத்தான் விரலுக்கு வெகு அருகில் இருக்கிறது, இப்படி. ஆனால் முதலில் அதைக் கறாரிடம்தான் காட்டினேன். எனக்குத் தெரிந்தவர்களில், நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்று சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

வெற்றுக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்தேன். "அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணுங்க" என்றேன். உட்கார்ந்தாள். ஸ்கேனர் நிரலைத் திறந்தாள், உள்ளே 'திற' என்பதை அழுத்தினாள், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள், அழிக்கும் விசையைத் தட்டினாள். திரை மங்கியது. நடுவில் பெரிய எழுத்தில் வந்தது: 'இவை உங்கள் கோப்புகள் அல்ல.' அதற்குக் கீழே, யார் யாருடையவை என்று வரிசையாகப் பெயர்கள்.

அவள் கையை எடுத்துவிட்டாள். சூடான எதையோ தொட்டுவிட்டதுபோல எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் சும்மா போட்டுவைத்த பெயர்கள்தான், இருந்தும் கடைசி வரை படித்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன?" என்றாள்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, திரையைப் பார்த்துக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "யாரு அந்தச் சிவப்பு ஓரத்த எடுத்தது, யாரு இத வெச்சது, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். இரண்டும் யார் என்று சொன்னேன். நீ இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்பதையும் சொன்னேன்.

"அவரையே எழுதச் சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற அவளுடைய கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, தம்பி. உன்னிடம் இருக்கிறது. அவளுக்கு நேராக எழுது. அவளுடைய பெயரையும் விலாசத்தையும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஜோக் வேண்டாம், சமாதானம் வேண்டாம். இரண்டும் அவளுக்குப் பிடிக்காது. என்ன நடந்ததோ அதை எழுது. படிப்பாள்.

அண்ணி